துடிப்பு தாளம் தப்புறவங்க ரோயிங் மெஷின்ல உக்காரலாமுங்களா? திரும்பத் திரும்ப கேக்கற கேள்விங்களும் என்னோட பதிலும்

எனக்கு வயசு 57. பெருந்துறைப் பக்கம் ஊரு, விசைத்தறி வெச்சிருக்கோம். 6 வருசத்துக்கு முன்னாடி ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்னு, அதாவது இதயத்துடிப்பு தாளம் தப்பற ஒரு கோளாறுன்னு கண்டுபுடிச்சாங்க, டாக்டருங்க சுருக்கமா ஏஎஃப்னு சொல்லுவாங்க. 4 வருசமா வீட்டு ஆசாரத்துல ஒரு ரோயிங் மெஷின், அதாவது உக்காந்தபடியே துடுப்பு போடற மாதிரி இழுக்கற எக்சர்சைஸ் மெஷின் போட்டு ஓட்டிட்டு இருக்கறேன். கல்யாண வீட்டுக்குப் போனாலும், நோம்பிக்கு சொந்தக்காரங்க வந்தாலும், மாசாமாசம் ஆசுபத்திரில வரிசைல உக்காந்திருந்தாலும் இதே சந்தேகங்கதான் வருது. அதனால மொத்தமா எழுதி வெச்சர்றேன். நான் டாக்டர் இல்லீங்க, மருந்து விசயத்துல உங்க டாக்டர் சொல்றதுதான் முடிவு.

ஏனுங்க, "ஹார்ட் பீட் ஒழுங்கா இல்ல"ன்னு சொல்லிப்போட்டாங்க, உள்ள என்னதானுங்க நடக்குது?

முதல்ல எந்த ரகம்னு கேட்டுத் தெரிஞ்சுக்கங்க, எல்லாம் ஒண்ணு இல்ல. நடுவுல ஒரு துடிப்பு முந்திக்கிட்டு வந்துட்டு அடுத்தது லேட்டா "டொப்"புன்னு விழுகறது எக்டோபிக், இதயம் மத்தபடி நல்லா இருந்தா பெரும்பாலும் அதனால ஆபத்தில்ல. ஏஎஃப் வேற. தறிக்குடோன்ல ஒரு தறி மட்டும் ஓடுனா டக்கு டக்குன்னு ஒரே தாளம் கேக்கும், 40 தறியும் ஒண்ணுக்கொண்ணு சேராம ஓடுனா தாளமே புடிபடாது பாருங்க, ஏஎஃப்ல இதயத்தோட மேலறைங்க அப்படித்தான் நிமிசத்துக்கு 350-லிருந்து 600 தடவ வரைக்கும் துடிதுடிச்சுட்டு கெடக்குது. நடுவுல ஏவி நோடுன்னு ஒண்ணு மதகு மாதிரி நின்னு கொஞ்சத்தை மட்டும் கீழறைக்கு விடுது, அதனாலதான் நாடி 110, 140-ன்னு தாறுமாறா போகுது.

மேலறை ஒழுங்கா சுருங்காததால இடது பக்கம் ஒரு சின்னப் பை மாதிரி இடத்துல ரத்தம் தேங்கி கட்டி ஆகலாம், அந்தக் கட்டி மூளைக்குப் போனா பக்கவாதம். ஏஎஃப்ல நெசமான பயம் அதுதான். படபடப்பே தெரியாதவங்களுக்கும் இந்த ஆபத்து உண்டு, அதனால "எனக்கு ஒண்ணுமே தெரியலியே, மாத்திரை எதுக்கு"ன்னு யாரும் நிறுத்திப்போடாதீங்க.

டாக்டர் கிட்ட கேக்காம ஆரம்பிக்கலாமுங்களா, வெறும் எக்சர்சைஸ் தானே?

வேண்டாமுங்க. ஈசிஜி, எக்கோ, தைராய்டு, பிபி இதெல்லாம் பாத்துட்டு தேவைப்பட்டா டிரெட்மில் டெஸ்ட்டோ 24 மணி நேரம் உடம்புல மாட்டி துடிப்பைப் பதியற ஹோல்டரோ எடுப்பாங்க. நம்ம பக்கம் சின்ன வயசுல மூட்டுக்காய்ச்சல் வந்து வால்வு சுருங்கிப்போயி அதனால ஏஎஃப் வந்தவங்க இன்னும் நிறையா இருக்காங்க, அவங்களுக்கு எவ்வளவு பாரம் குடுக்கலாம்ங்கற கணக்கே வேற. தைராய்டு ஜாஸ்தியானதால துடிப்பு தப்பறவங்களுக்கு அதைச் சரி பண்றதுதான் முதல் வேலை.

போகும்போது வெறுமனே "எக்சர்சைஸ் பண்ணலாமா"ன்னு கேக்காதீங்க, நடங்கன்னு சொல்லி அனுப்பிருவாங்க. "கால், முதுகு, கை மூணும் சேர்ந்து இழுக்கற மெஷின், 20 நிமிசம் பண்ணப்போறேன், துடிப்பு எவ்வளவு வரைக்கும் போகலாம், எந்த மாத்திரைக்கு என்ன கவனிக்கணும்"னு விவரமா கேளுங்க. செல்லுல மெஷின் ஓட்டற வீடியோவைக் காட்டுங்க, நான் அப்படித்தான் காட்டுனேன்.

வாக்கிங் போறனே, அது பத்தாதுங்களா?

பத்தும். நடக்கறவங்க நடந்துட்டே இருங்க, அதை விட்டுட்டு இதுக்கு வாங்கன்னு நான் யாரையும் கூப்புடறதில்ல. எனக்கு முட்டி தேய்மானம், உக்காந்து பண்றதால முட்டில இடி விழுகறதில்ல. அப்பறம் சித்திரை வைகாசில ஈரோட்டு வெயிலு 40 டிகிரிக்குப் போயிருது, வேலை முடிச்சு பொழுதோட நடக்கலாம்னு கெளம்புனா ரோடே கொதிக்குது. வீட்டுக்குள்ள ஃபேனுக்கு அடியில பண்றதாலதான் என்னால விடாம செய்ய முடிஞ்சுது.

எக்சர்சைஸ்னால ஏஎஃப்புக்கே நல்லது நடக்கும்ங்கறதுக்கு ஆதாரமும் இருக்குது. ஆஸ்திரேலியாவுல அடிலெய்டுல 120 ஏஎஃப்காரங்கள ரெண்டா பிரிச்சு ஒரு பாதிக்கு 6 மாசம் மேற்பார்வையோட வாரத்துக்கு 210 நிமிசம் வரைக்கும் பயிற்சி குடுத்தாங்க. ஒரு வருசம் கழிச்சுப் பாத்தா பயிற்சி எடுத்தவங்கள்ல 100-க்கு 60 பேருக்கு திரும்ப வந்துச்சு, எடுக்காதவங்கள்ல 80 பேருக்கு. பயிற்சியோட மருந்தும் இருந்துச்சு, அதை மறந்துறக்கூடாது.

மெஷின்ல 1-லிருந்து 10 வரைக்கும் லிவர் இருக்குதே, 10-ல வெச்சாத்தான் பலன்னு டிரெய்னர் தம்பி சொல்றாரு?

இதே பேச்சைக் கேட்டுத்தான் நான் ஆரம்பத்துல மாட்டிக்கிட்டேன். ஒரு ஜிம்முல 10-ல வெச்சுக் குடுத்து "இழுங்கண்ணா இழுங்கண்ணா"ன்னு சொல்ல, பல்லைக் கடிச்சுட்டு 5 நிமிசம் இழுத்தேன், எந்திரிச்சதும் கண்ணு இருட்டி செவுத்தைப் புடிச்சுட்டு உக்காந்துட்டேன். அந்த லிவர் காத்துச் சக்கரத்துக்குள்ள எவ்வளவு காத்து போகுதுன்னு மாத்தறது மட்டுந்தான், பரிசலுக்கும் மோட்டார் போட்டுக்கும் தண்ணி கனம் வித்தியாசப்படற மாதிரி. நீங்க எவ்வளவு உழைக்கறீங்கங்கறது உங்க இழுவைல இருக்குது. நம்மளுக்கு 3, 4 போதும். 10-ல வெச்சா ஒவ்வொரு இழுவையும் கனத்த மூட்டை தூக்கற மாதிரி ஆகி தானா மூச்சை அடக்க ஆரம்பிச்சுருவீங்க, அதுதான் கூடாது.

இன்னொன்னு, திரையில தெரியற 500 மீட்டர் டைமை, அதாவது அந்த வேகத்துல 500 மீட்டர் போக எவ்வளவு நேரம்ங்கறதைப் பாத்து ஏமாறாதீங்க. கான்செப்ட்2ங்கற கம்பெனி மெஷின் கணக்குப்படி 500 மீட்டருக்கு 3 நிமிசம்னா 60 வாட், 2 நிமிசம் 30 செகண்டுன்னா 104 வாட் கிட்ட, 2 நிமிசம்னா 200 வாட்டுக்கு மேல. பாக்கறதுக்கு 30 செகண்டுதான் குறையுது, வேலை கிட்டத்தட்ட ரெட்டிப்பாகுது. பக்கத்துல ஓட்டற பையன் 2 நிமிசத்துல போறான்னு நீங்களும் எட்டிப் புடிக்கப் பாத்தா வம்பு.

மூச்சு எப்ப இழுக்கறது எப்ப விடறதுன்னே புரியல

காலை உதைச்சு இழுக்கும்போது மூச்சை விடுங்க, திரும்ப முன்னாடி போகும்போது உள்ள இழுங்க. நிமிசத்துக்கு 18-லிருந்து 22 இழுவை, அதுக்கு மேல வேண்டாம். உதைக்கறது ஒரு பங்கு நேரம், முன்னாடி போறது ரெண்டு பங்கு நேரம்னு வெச்சுக்கங்க, மூச்சு தானா சேர்ந்துக்கும். மூச்சை அடக்கி முக்குனா நெஞ்சுக்குள்ள அழுத்தம் ஏறி பிபி ஒரேயடியா தூக்கிட்டு அப்பறம் பொத்துன்னு இறங்கும், அந்த ஏற்ற இறக்கத்துல துடிப்பு தப்பறது சில பேருக்கு உண்டு. சத்தம் வர்ற மாதிரி "ஹூ"ன்னு விடுங்க, வெக்கப்படாதீங்க.

வாட்ச்ல 92 காட்டுது, அடுத்த நிமிசம் 168 காட்டுது. எதைங்க நம்பறது?

என்கிட்ட ரொம்ப ஜாஸ்தி வர்ற கேள்வி இதுதான். மணிக்கட்டு வாட்ச் பச்சை வெளிச்சம் அடிச்சு தோலுக்கடியில ரத்தம் பாயறதைப் பாத்துக் கணக்குப் போடுது. ரோயிங்ல மணிக்கட்டு இறுகி இறுகி விடுது, அதுலயே பாதி தப்பாகும். அதுக்கு மேல ஏஎஃப்ல ஒரு துடிப்பு பலமா இன்னொன்னு பலமில்லாம வருது, பலமில்லாத துடிப்பு மணிக்கட்டு வரைக்கும் எட்டறதே இல்ல, அதனால வாட்ச் கம்மியாக் காட்டும். நெஞ்சுல மாட்டற பெல்ட் இதயத்தோட கரண்டையே புடிக்கறதால அதைவிடத் தேவலை, ஆனா துடிப்பே ஒழுங்கில்லாதப்ப அதுலயும் நம்பர் குதிச்சுட்டேதான் இருக்கும். ஒரு செகண்ட் நம்பரைப் பாத்து பயப்படாதீங்க, ஒரு செகண்ட் நம்பரைப் பாத்து தைரியப்படவும் வேண்டாம். 5 நிமிசச் சராசரியைப் பாருங்க.

நான் நம்பறது என்னோட பேச்சைத்தான். இழுத்துட்டே ஒரு முழு வாக்கியம் திக்காம சொல்ல முடிஞ்சா சரியான வேகம். நாலு வார்த்தைக்கு ஒருக்கா மூச்சு வாங்குனா கொறைச்சுக்கணும். எங்க வீட்டுக்காரம்மா எதிர்ல உக்காந்து வெங்காயம் உரிச்சுட்டே ஏதாவது கேட்டுட்டு இருப்பாங்க, நான் பதில் சொல்லாம தலையாட்டுனா "மெதுவாப் போங்க"ன்னு சொல்லிருவாங்க. எந்த வாட்ச்சும் எனக்கு அந்த அளவுக்கு சரியாச் சொன்னதில்ல. போர்க்னு ஒரு சுவீடன்காரர் பண்ணுன 6-லிருந்து 20 வரைக்குமான அளவுகோல் இருக்குது, எவ்வளவு சிரமமா இருக்குதுன்னு நாமளே நம்பர் சொல்றது, ஆசுபத்திரிலயும் அதைத்தான் கேப்பாங்க. அதுல 11-லிருந்து 13-க்குள்ள இருந்தா போதும்.

பீட்டா பிளாக்கர் சாப்பிடறேன், எவ்வளவு இழுத்தாலும் 100-ஐத் தாண்டல, நான் ஒழுங்கா பண்ணலியோ?

ஒழுங்காத்தான் பண்றீங்க. மெட்டோப்ரொலால், பைசோப்ரொலால் மாதிரி மாத்திரைங்க வேலையே துடிப்பை ஏறவிடாம புடிக்கறதுதான், டில்டியாசெமும் ஓரளவுக்கு அப்படித்தான். அதனால 220-ல வயசைக் கழிக்கற கணக்கு நமக்கு ஆகாது, மேல சொன்ன பேச்சுக் கணக்குக்கே வாங்க. ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கங்க, மெஷின் சீட்டு தரையை ஒட்டி இருக்குது, முடிச்ச உடனே வெடுக்குன்னு எந்திரிச்சா இந்த மாத்திரைக்காரங்களுக்கு தலை கிறுகிறுன்னு வரும். கடைசி 5 நிமிசம் வெறும் காத்தை இழுக்கற மாதிரி மெதுவா ஓட்டி, காலை பட்டையிலருந்து எடுத்துட்டு, ஒரு நிமிசம் அப்படியே உக்காந்திருந்து, அப்பறம் எதையாவது புடிச்சு எந்திரிங்க.

முதல் மாசம் எப்படி ஆரம்பிக்கறதுன்னு சொல்லிப்போடுங்க

டாக்டர் சரின்னதும் முதல் வாரம் 5 நிமிசம், ஒருநாள் விட்டு ஒருநாள். அவ்வளவுதான். உடம்பு கேக்கும், மனசும் கேக்கும், குடுக்காதீங்க. அந்த வாரம் பூரா கால் முதல்ல, அப்பறம் முதுகு, அப்பறம் கை, திரும்பும்போது கை, முதுகு, கால்ங்கற வரிசையைப் பழகுங்க. முதுகை வளைச்சு இழுத்தா ஒரு வாரத்துல இடுப்பு புடிச்சுக்கும், அப்பறம் வலி மாத்திரைக்குப் போவீங்க, அது பெரிய சிக்கல், அடுத்த பதில்ல சொல்றேன்.

ரெண்டாவது வாரம் 5 நிமிசம், ரெண்டு நிமிசம் ஓய்வு, மறுபடி 5. மூணாவது வாரம் அதே மாதிரி மூணு தடவ. நாலாவது வாரம் நிறுத்தாம 15. எனக்கு 30 நிமிசம் நிறுத்தாம வர 5 மாசம் ஆச்சு, நடுவுல ரெண்டு தடவ ஏஎஃப் வந்து திரும்ப முதல்லருந்து ஆரம்பிச்சேன். சாப்பிட்டு ஒண்ணரை மணி நேரம் ஆகட்டும், அரிசிம்பருப்பு சாதம் நெய் ஊத்தி சாப்பிட்டுட்டு உடனே போயி மடங்கி மடங்கி இழுத்தா வயிறும் ஏத்துக்காது, இதயமும் ஏத்துக்காது.

ரத்தம் கட்டாம இருக்க மாத்திரை சாப்பிடறேன், அடிபட்டா என்ன பண்றது? கீரையே தொடக்கூடாதாமே?

ரோயிங்ல விழுகறது அபூர்வம், கைப்புடி நழுவி முட்டில தாடைல படறதும், உள்ளங்கைல கொப்பளம் உடையறதும்தான் நடக்கும். ரத்தம் நிக்க வழக்கத்தைவிட நேரமாகும், சுத்தமான துணியை வெச்சு 10 நிமிசம் எடுக்காம அழுத்திப் புடிங்க. தலைல பலமா அடிபட்டா மட்டும் வெளிய ஒண்ணும் தெரியாட்டியும் ஆசுபத்திரிக்குப் போயிரோணும்.

இதைவிட முக்கியம் வலி மாத்திரை. இடுப்பு புடிச்சுதுன்னு மெடிக்கல்ல போயி டைக்ளோஃபினாக்கோ இபுப்ரூஃபனோ வாங்கிப் போட்டுக்கறது நம்ம ஊர்ல சர்வ சாதாரணம். ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரையோட அது சேர்ந்தா வயித்துக்குள்ள ரத்தம் கசியலாம், மலம் கருப்பாப் போனா அதுதான் அறிகுறி. எங்க சொந்தத்துலயே ஒரு மாமா இப்படிப் பண்ணி 3 பாட்டில் ரத்தம் ஏத்துனாங்க. வலிக்கு என்ன போடலாம்னு உங்க இதய டாக்டர் கிட்டயே முன்கூட்டியே கேட்டு எழுதி வாங்கி வெச்சுக்கங்க.

கீரை கேள்வி, ரத்தம் கட்டாம இருக்கற மாத்திரைங்கள்ல வார்ஃபரின், அசிட்ரோம் சாப்பிடறவங்களுக்குத்தான். அவங்களும் கீரையை விட வேண்டியதில்ல, ஒரே அளவா சாப்பிடோணும். ஒரு வாரம் பூரா முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒண்ணுமே இல்லைன்னா ஐஎன்ஆர் (ரத்தம் எவ்வளவு மெதுவா உறையுதுன்னு பாக்கற டெஸ்ட் நம்பர்) ஏறி இறங்கும், ஏஎஃப்புக்கு அது பொதுவா 2-லிருந்து 3-க்குள்ள இருக்கோணும். அதே வேலைக்கு அபிக்ஸபான், ரிவரொக்ஸபான், டபிகாட்ரான் சாப்பிடறவங்களுக்கு கீரைக் கட்டுப்பாடு கெடையாது, ஆனா வேளை தவறக்கூடாது.

பண்ணி முடிச்சு எளநீ குடிக்கலாமுங்களா? காப்பிய விட்டரோணுமா?

வேர்வை ஊத்துனா தண்ணியும் உப்பும் போகுது, அது குறைஞ்சாலும் துடிப்பு தப்பும், அதனால குடிங்க. பொள்ளாச்சி எளநீ நல்லதுதான், ஆனா அதுல பொட்டாசியம் ஜாஸ்தி. கிட்னி பலவீனமா இருக்கறவங்களும், ஸ்பைரனோலாக்டோன், ராமிப்ரில், டெல்மிசார்ட்டன் மாதிரி பொட்டாசியத்தை ஏத்தற மாத்திரை சாப்பிடறவங்களும் தெனமும் ரெண்டு மூணு எளநீன்னு போகாதீங்க, பொட்டாசியம் மிஞ்சுனாலும் இதயத்துக்கு ஆபத்து. அவங்களுக்கு டாக்டர் சொல்ற அளவுதான்.

காப்பி பத்தி சந்தோசமான சேதி. 2025-ல வந்த ஆராய்ச்சில 200 ஏஎஃப்காரங்கள காப்பி குடிக்கறவங்க, நிறுத்துனவங்கன்னு பிரிச்சுப் பாத்ததுல குடிச்சவங்களுக்குத்தான் ஏஎஃப் கம்மியா திரும்ப வந்துச்சு, குடிச்சவங்கள்ல 100-க்கு 47 பேருக்கு, நிறுத்துனவங்கள்ல 64 பேருக்கு. காப்பி குடிச்சா படபடங்குதுன்னு தெரிஞ்சவங்க மட்டும் தவிர்த்துக்கங்க. சாராயம் பீரு பிராந்தி அப்படியில்ல, நிறுத்துனவங்களுக்கு ஏஎஃப் குறைஞ்சுதுன்னு நல்லாவே நிரூபிச்சிருக்காங்க.

இழுக்கும்போது ஒண்ணும் ஆகலீங்க, ராத்திரி படுத்ததுக்கப்பறம் படபடன்னு அடிக்குது. ஏன்?

சில பேருக்கு ஏஎஃப் ஓடும்போது வரும், சில பேருக்கு ஓய்வுல வரும். எக்சர்சைஸ் முடிஞ்சு உடம்பு அடங்கும்போது துடிப்பை மெதுவாக்கற வேகஸ் நரம்போட கை ஓங்குது, அந்த நேரத்துலயும், வயிறு நெறைய சாப்பிட்டு படுக்கும்போதும் வர்ற ரகம் ஒண்ணு இருக்குது. எனக்கு அதான். பொழுதோட 7 மணிக்கு இழுத்துட்டு இருந்தவன் காலைல நேரமே 6 மணிக்கு மாத்தினேன், முடிக்கறப்ப 5 நிமிசம்னு இருந்ததை 10 ஆக்கினேன், ராத்திரி சாப்பாட்டை 7 மணிக்கே முடிச்சேன், ரொம்ப குறைஞ்சுது. கொறட்டை பலமா விடறவங்க தூக்கத்துல மூச்சு அடைக்குதான்னு ஒரு தடவ பாத்துக்கங்க, அதுவும் ராத்திரி ஏஎஃப்புக்கு ஒரு காரணம். எழுதி வெங்க, என்ன தேதி, எப்ப வந்துச்சு, எவ்வளவு நேரம்னு, அந்த நோட்டைப் பாத்துத்தான் எங்க டாக்டர் என்னோட மாத்திரை நேரத்தையே மாத்துனாரு.

ரோயிங் பண்ற பெரிய பெரிய வீரருங்களுக்கே ஏஎஃப் ஜாஸ்தியா வருதாமே, அப்பறம் நாம எதுக்கு பண்றது?

கேள்வி நியாயமானதுதான். சுவீடன்ல வாசலோப்பெட்னு 90 கிலோமீட்டர் பனிச்சறுக்குப் போட்டி இருக்குது, 1989-லிருந்து 1998 வரைக்கும் அதை முடிச்ச 50 ஆயிரம் பேருக்கும் மேல பின்தொடர்ந்து பாத்தாங்க. ஜாஸ்தி தடவ முடிச்சவங்களுக்கும் வேகமா முடிச்சவங்களுக்கும் துடிப்புக் கோளாறு கூடுதலா இருந்துச்சு. பல வருசம் தெனமும் மணிக்கணக்குல உச்சத்துல இழுக்கறப்ப மேலறை விரிஞ்சு தழும்பு விழுகறதுதான் காரணம்னு நெனைக்கறாங்க.

நாம வாரத்துக்கு 2, 3 மணி நேரம் பேசிக்கிட்டே இழுக்கறது அந்தக் கணக்குல வராது. அசையாம உக்காந்திருக்கறவங்களுக்கும் ஏஎஃப் ஜாஸ்தி, உச்சத்துல உழைக்கறவங்களுக்கும் ஜாஸ்தி, நடுவுல இருக்கறவங்களுக்குத்தான் கம்மி. அதனாலதான் 2000 மீட்டர் டைம் போட்டி எடுக்கலாமான்னு யாராவது கேட்டா நான் வேண்டாம்னு சொல்லிருவேன். எனக்கும் ஆசை இருந்துச்சு, நான் எடுக்கல.

துடிப்பு தப்பியிருக்கற அன்னிக்கும் இழுக்கலாமா?

வந்து போற ரகமா, எப்பவும் இருக்கற ரகமாங்கறதைப் பொறுத்தது. எப்பவுமே ஏஎஃப்லயே இருக்கறவங்க, துடிப்பு வேகம் மருந்துல கட்டுக்குள்ள இருந்தா டாக்டர் சொன்ன அளவுக்குப் பண்றாங்க. என்ன மாதிரி வந்து போறவங்க அன்னிக்கு விட்டுருங்க. தப்புனா மட்டும் போட்டுக்கறதுக்குன்னு ஃபிளெகெய்னைடு மாத்திரையை பாக்கெட்ல வெச்சிருக்கறவங்க கட்டாயம் கவனிக்கோணும், அதைப் போட்டுட்டு எக்சர்சைஸ் பண்ணவே கூடாது, துடிப்பு சரியாகி மருந்து உடம்புல இருந்து இறங்கற வரைக்கும் ஓய்வுதான்.

அப்லேசன் பண்ணியிருக்கறேன், எப்ப திரும்ப உக்காரலாம்? பேஸ்மேக்கர் வெச்சவங்க?

அப்லேசன்ங்கறது இதயத்துல துடிப்பைக் கெடுக்கற இடத்தை செயலிழக்க வெக்கற சிகிச்சை, அதுக்கு தொடை இடுக்குல ரத்தக்குழாய் வழியா போறாங்க, ரோயிங்ல அதே இடம்தான் மடங்கி அழுந்துது. நடை வந்திருச்சுன்னு இதையும் ஆரம்பிச்சுராதீங்க, அந்தப் புண்ணு ஆறுனதை டாக்டர் கையால தொட்டுப் பாத்து சொல்லட்டும். முதல் 2, 3 மாசம் படபடப்பு வந்தாலும் தோத்துப்போச்சுன்னு அர்த்தமில்ல, உள்ள ஆறிட்டு இருக்குது. பேஸ்மேக்கர் வெச்சவங்களுக்கு கழுத்தெலும்புக்கு அடியில வயர் ஊணி நிக்க 4-லிருந்து 6 வாரம் கையைத் தூக்க விடமாட்டாங்க, அப்பறமும் இழுக்கற எக்சர்சைஸ்னு குறிப்பாச் சொல்லி அனுமதி வாங்குங்க.

வீட்ல யாரும் இல்லாதப்ப பண்ணலாமா? எப்ப நிறுத்தோணும்?

முதல் ரெண்டு மூணு மாசம் தனியா வேண்டாம். அப்பறமும் கதவை உள்தாழ்ப்பாள் போடாதீங்க, செல்லை உக்காந்த இடத்துல கை எட்டற மாதிரி தரையில வெங்க, மேசை மேல வெச்சா எந்திரிச்சு எடுக்கத் தெம்பிருக்காது. நெஞ்சு வலி, வழக்கத்துக்கு மீறுன மூச்சு வாங்கல், கண்ணு இருட்டறது, மயக்கம் வர்ற மாதிரி இருக்கறது, இதுல எது வந்தாலும் அந்த இழுவையோட நிறுத்துங்க. 10, 15 நிமிசம் உக்காந்தும் அடங்காட்டி, இல்ல நெஞ்சு வலியோ மயக்கமோ இருந்தா 108. வாய் ஒரு பக்கம் கோணுனாலும், ஒரு கை தூக்க வராட்டியும், பேச்சு குழறுனாலும் அடங்கட்டும்னு காத்திருக்காம உடனே 108 கூப்புட்டு, எத்தன மணிக்கு ஆரம்பிச்சுதுங்கறதை சொல்லிருங்க. என்ன மாத்திரை சாப்பிடறோம், கடைசியா எப்ப சாப்பிட்டோம்னு ஒரு சீட்டுல எழுதி செல்லு கவருக்குள்ள வெச்சிருக்கறேன் நானு, வீட்டுக்காரம்மாவுக்கும் பையனுக்கும் அது எங்க இருக்குதுன்னு தெரியும்.